ஈவ்லின் விற்காத மாத்திரை

வியாபாரம் தெரியாதவள் என்று திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் ஈவ்லினுக்குப் பெயர். திருமலைக்குப் படியேறுகிறவர்கள் வந்துபோகும் மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. வலி மாத்திரை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கேள்வி கேட்டே துளைத்தெடுத்துவிடுவாள். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை காலையில் கமலம்மா வலி மாத்திரை கேட்டு வந்தாள். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள். முட்டி வலி தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் விரதமிருந்து மலையேறினாள். வலியோடு எப்படி ஏறுவது? வெறும் வயிற்றில் இரண்டு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை. தறியில் நிற்க மற்ற நாளும் இரண்டு. முட்டிக்காக மலை, மலைக்காக மாத்திரை! இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

"வயிறு எரியுதாக்கா?" என்றாள் ஈவ்லின்.

"எரியுது. அதுக்கு இன்னா இப்போ?"

"வெளிக்கி எப்பிடிப் போவுது?"

கமலம்மா கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "நாலு நாளா தாரு மாரி கருப்பா போவுது."

ஈவ்லினுக்குத் திக்கென்றது. அப்படிக் கருப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். "மாத்திரையும் வேணாம், மலையும் வேணாம். ஆஸ்பத்திரிக்கு வாக்கா."

"கடைசி சனிக்கிழமைய உடச் சொல்றியா? வேண்டுதலப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கமலம்மா விறுவிறுவென்று பக்கத்து மருந்துக்கடைக்கு நடந்தாள்.

வேறு யாராவது என்றால் நமக்கென்ன என்று இருந்திருப்பார்கள். ஈவ்லின் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். இந்த அம்மாளுக்கு வலி மாத்திரை கொடுக்கவே கூடாது என்று, அந்தக் கடைக்காரர் கங்கையாவிடம் தெலுங்கில் சொன்னாள்.

"எனக்குத் தெலுங்கு வராதுன்னு நெனச்சிக்கினியா?" என்று சண்டைக்கு வந்த கமலம்மா, அடுத்த வார்த்தைக்குள் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஈவ்லின் அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

இரைப்பையில் புண். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பாதி மலையில் விழுந்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஈவ்லின் நேராக வார்டுக்குப் போனாள். கமலம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் வேண்டுதலக் கெடுத்துட்ட. உன்ன மன்னிக்கவே மாட்டேன்."

"மன்னிக்காதக்கா. வருசா வருசம் வந்து திட்டு. திட்றதுக்கு நீ இருக்கணும், அதான் எனக்கு வேணும்."

கமலம்மா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, ஈவ்லினின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.