பூட்ஸோடு படி தாண்டியவள்

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நர்ஸை அடித்துப் போட்டுவிட்டார்கள் என்ற சேதி சேலத்துக்கு வந்தபோது, நான் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் கட்டுத்துணி அலசிக்கொண்டிருந்தேன். யுத்த காலம். நர்ஸ் படிப்பில் எனக்கு இரண்டாம் வருஷம். அடிபட்டவள் எங்களுக்கு முன்னால் படித்து முடித்து, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே மருத்துவச்சியாகப் போனவள். போகும்போது அவளிடம் “எங்க ஊரு சனம் தங்கமான சனமுங்க்கா” என்று அளந்துவிட்டவள் நான்தான். என் வாயில் மண்ணைப் போட.

நடந்தது இதுதான். ஒரு வீட்டில் மூத்த பையனுக்குப் பெரியம்மை. அதே வீட்டில் அவன் தாய்க்குப் பிரசவ வலி. நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் அது ஆத்தா வந்திருக்கிற வீடு. கால் கழுவாமல் ஒருத்தரும் உள்ளே போகமாட்டோம். அவளுக்கும் அது தெரியும். ஆனால் வார்டில் வெறுங்காலோடு நிற்கக்கூடாது என்பது எங்கள் மேட்ரனின் சட்டம். நின்றால் அன்றைக்குப் பூராவும் மலச்சட்டி கழுவ வேண்டும். வருஷக்கணக்காக அப்படிப் பழகின கால், அவசரத்தில் வெள்ளை பூட்ஸோடு படி தாண்டிவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் நாள் மூத்த பையன் செத்துப்போனான்.

பூட்ஸ்தான் கொன்றது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அம்மை குத்திக்கொள்ள மாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்ட ஊர் அது. பச்சைப்பிள்ளையைப் பார்க்க மறுபடியும் போனவள், இந்தத் தடவை ஞாபகமாக பூட்ஸைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். வெளியே இழுத்துவந்து அந்த பூட்ஸாலேயே முகத்தில் அடித்திருக்கிறார்கள்.

வண்டியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ஒரு கண் திறக்கவில்லை. நாங்களே முறைபோட்டுக் கஞ்சி ஊட்டினோம். அவளைப் பார்த்த அன்றைக்கே எங்களில் இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள், தன் கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உங்க ஊருக்கு எதுக்குடி நர்ஸு? பேயோட்டறவன் போதும்” என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? என்னை அரித்தது வேறு. அந்த வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஊரில் எது நடந்தாலும் முதல் ஆளாக நிற்கிறவர் என் அப்பா. அவர் கை வைத்திருந்தால், அந்த மனுஷன் சம்பாதித்துப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு நான் எந்த மூஞ்சியோடு அவளுக்குக் கஞ்சி ஊட்டுவது? அவளிடமே கேட்டேன். கும்பலில் யார் முகமும் தெரியவில்லை என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எள்ளுருண்டைத் தூக்கோடு வந்தார். ஆஸ்பத்திரி கேட்டிலேயே நிறுத்தினேன்.

“ஏனுங்கப்பா, அந்தப் புள்ளய நீங்க அடிச்சீங்களா?”

“நானா? பொம்பளப் புள்ள மேல நான் கை வெப்பனா சாமி? நானும் ஒரு புள்ளயப் படிக்க வெச்சிருக்கறவன்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எத்தனை நாள் பசியோ, அங்கேயே தூக்கைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நான் தின்பதைப் பார்த்து அவருக்கும் தெம்பு வந்துவிட்டது. அவராகவே பேசினார்.

“செத்த பையனோட அப்பன்தான் அடிச்சான். வெறுங்கையில அடிச்சுட்டு இருந்தான். அந்தப் புள்ளயோட பூட்ஸு செருப்பு படியில கெடந்துச்சு. நான் எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான்.”

வாயில் இருந்ததைக் கீழே துப்பினேன்.

அப்பா தூக்கை வாங்கி மோந்து பார்த்தார். “ஏஞ் சாமி, எள்ளு கசக்குதா?” என்றார்.