கடலுக்குப் போன முக்கோணம்

என் அக்கா புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முக்கோணம் என்றுதான் சொல்வார்கள். வண்டி பழுதாகி நடுரோட்டில் நின்றால், பின்னால் வருகிறவன் பார்த்து ஒதுங்கட்டும் என்று ஒரு சிவப்பு முக்கோணம் வைப்பார்களே, அது. மற்றவர்கள் வண்டி நின்றுபோனால் வைப்பார்கள். இவர் தன் காரை வீட்டு வாசலில் நிறுத்தினாலும் வைப்பார். பால்காரர் அதில் தடுக்கி விழுந்து ஒருநாள் பால் முழுக்கத் தெருவோடு போனது. "எச்சரிக்கை வெச்சும் விழுந்தா நான் என்னங்க பண்றது?" என்று விழுந்தவரிடமே நியாயம் கேட்ட மகராசன்.

ஆள் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக நான் திட்டத்தான் போகிறேன். அவர் வேலை அப்படி. வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, விபத்தில் மாட்டியவர்கள் எழுதித் தருகிற விவரத்தையெல்லாம் படித்துச் சுருக்கி மேலே அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை எவன் வண்டி எங்கே கவிழ்ந்தது என்று படிக்கிற மனுஷனுக்குப் புத்தி வேறு எந்தப் பக்கம் போகும்?

யாரோ ஒருவருடைய கார் கால்வாயில் விழுந்தது என்று படித்தார். அன்றைக்கே கண்ணாடி உடைக்கிற சுத்தியல் வந்தது. ஆட்டு மந்தைக்குள் ஒரு கார் புகுந்தது. விசில் வந்தது. தேனீ காருக்குள் நுழைந்து ஒருத்தர் மரத்தில் மோதினார். முகத்தை மூடிக்கொள்ள வலை வந்தது, அதுவும் குடும்பத்துக்கே. தீயணைக்கிற சிலிண்டர், இழுவைக் கயிறு, பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற வயர், காற்றடிக்கிற பம்பு, முதலுதவிப் பெட்டி, மஞ்சள் விளக்கு, ரோட்டில் வைக்கிற கூம்புகள், இருட்டில் மின்னுகிற சட்டை. முக்கோணத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு முக்கோணம். டிக்கி நிரம்பி, சாமான் பின் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. மனுஷர் உட்காரத்தான் இடமில்லை.

இத்தனைக்கும் அந்த வண்டி எங்கேயும் போனதில்லை. வாங்கி ஏழு வருஷம். பெட்ரோல் பங்குக்குப் போய்க் காற்றுப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும், அதோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பழைய பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஆயில் அளக்கிற குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், வைப்பர் ரப்பர், பேட்டரி முனைக்கு வாசலின். அதற்கப்புறம் ஒத்திகை. பஞ்சர் ஆனதாக வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். டார்ச் பிடிக்கிறது, நட்டை எடுத்துக் கொடுக்கிறது, சில நாள் மொத்தத்தையும் கழற்றி மாட்டுகிறது, எல்லாம் என் அக்கா. பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று கேட்டால், "பஞ்சர் நேரம் பாத்தா ஆகும்?" என்பார்.

தனக்கு ஓட்டும்போது மயக்கம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவை டிரைவிங் பள்ளிக்கும் அனுப்பினார். அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஸ்டியரிங்கை மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. "அவசரத்துக்குத்தான் அது," என்று சொல்லிவிட்டார். தீயணைக்கிற சிலிண்டரும் என் அக்காவும் அவருக்கு ஒரே கணக்கு.

அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். ஓதம், அலை, நீரோட்டம் எல்லாம் கரும்பலகையில் அழகாக வரைவாள். ஆனால் கடலைப் பார்த்ததில்லை. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வண்டி வாங்கிய அன்றைக்கு மாமா, "உன்னை இதுல கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று வாக்குக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற நேரத்தில் ஏதோ ஒரு சாமான் குறையும், பயணம் நிற்கும். "என்னோட பஸ்ல வாக்கா," என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "வாக்குக் குடுத்தது அவரு. அந்த வண்டியிலதான் போவேன்," என்பாள். இது ஒரு முரண்டு, அது ஒரு முரண்டு. நடுவில் நான்.

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "கடல் ராத்திரியும் சத்தம் போடுமா டீச்சர்? நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. "திங்கக்கிழமை சொல்றேன்," என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் மாமா முன்னால் போய் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம். கடலைப் பாக்காம திங்கக்கிழமை நான் அந்த கிளாஸுக்குள்ள நுழைய மாட்டேன். இந்தத் தடவையும் எதையாவது சொல்லி நிறுத்தினீங்கன்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க அந்த முக்கோணத்தோட குடும்பம் நடத்துங்க."

மாமா வாயைத் திறந்தார். அக்கா முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். துணைக்குத் தங்கச்சி என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். பின் சீட்டில் எனக்காகப் பம்பு ஒதுங்கி இடம் விட்டது. மடியில் சிலிண்டர், கழுத்தைச் சுற்றி இழுவைக் கயிறு, காலடியில் கூம்புகள். மாமா ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தாண்டும்போது கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தமாதிரி இருந்தது.

பாதி வழி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மாமா வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் முக்கோணத்தை வைத்துவிட்டு டீ குடித்தார். திரும்பி வந்து ஏறி, கண்ணாடியெல்லாம் சரி பண்ணி, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, ரிவர்ஸ் எடுத்தார். டமார் என்று ஒரு சத்தம். ஏழு வருஷத்தில் அந்த வண்டி மோதிய ஒரே பொருள் அந்த முக்கோணம்தான். அதன் இரும்புக் கால் பின் டயரில் ஏறி நின்றது. மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் டயர் சப்பையாகிவிட்டது.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் படித்த கேள்வியே வந்த பிள்ளைமாதிரி அப்படி ஒரு பிரகாசம்.

"பதறாதீங்க! யாரும் பதறாதீங்க!" என்றார். யார் பதறினோம்?

மின்னுகிற சட்டையை மாட்டினார். விசிலைக் கழுத்தில் போட்டார். கூம்புகளை ரோட்டோரம் வரிசையாக வைத்து, இரண்டாவது முக்கோணத்தையும் வைத்து, மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டார். ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததால், டிக்கியிலும் சீட்டிலும் இருந்த மொத்தத்தையும் நான் இறக்கிப் பரப்பினேன். பார்க்க அரசாங்கமே ரோட்டில் இறங்கியதுபோல இருந்தது.

முதலில் ஒரு வேன் வந்தது. டிரைவர் கூம்பையும் சட்டையையும் பார்த்தார், ஓரம் கட்டினார், இறங்கி வந்து வண்டிப் பத்திரங்களை மாமாவிடம் நீட்டினார்.

மாமா ஒரு நொடி திகைத்தார். அப்புறம் கேட்டார், "ஸ்டெப்னில காத்து இருக்கா?"

"பாக்கல சார். இந்த ஒரு தடவை விட்டுருங்க சார்."

"எப்படிங்க விடறது? முதலுதவிப் பெட்டி எங்க?"

அவ்வளவுதான், அதற்கப்புறம் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. வேனுக்குப் பின்னால் ஒரு கார் நின்றது, அதற்குப் பின்னால் லாரி, அப்புறம் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போயிற்று. ஒவ்வொரு வண்டியிலும் ஆயில் குச்சியை உருவினார், டயரைத் தடவினார், வைப்பரைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பைக்கில் ஒரு நிஜ போலீஸ்காரர் வந்தார். சரி, இதோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, "மேலிடத்துலருந்தா சார்?" என்றார். "உங்க பிரேக் லைட் எரியலயே!" என்று மாமா அவரையும் ஓரம் கட்டினார்.

"என்னங்க, டயர மாட்டலாமா?" என்றாள் அக்கா.

"இரும்மா, ஒரு நிமிஷம்! இவருக்கு ஜாக்கியே இல்லையாம்!"

அக்கா சூரியனைப் பார்த்தாள். அது யாருக்காகவும் நிற்கிற மாதிரி தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகினாள். நட்டைத் தளர்த்தினாள், ஜாக்கியை ஏற்றினாள், சக்கரத்தைக் கழற்றினாள், ஸ்டெப்னியை மாட்டினாள். நான் டார்ச் பிடிக்கலாமா என்று கேட்டதற்கு முறைத்தாள். ஏழு வருஷ ஒத்திகை சும்மாவா? நான் நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் சக்கரம் தரையில் நின்றது.

"என்னங்க, ஏறுங்க. போலாம்."

"இந்தம்மா வண்டியில விளக்கப் பாரேன், அநியாயம்!"

"என்னங்க!"

"வரேன், வரேன்."

மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறினேன். மனசுக்குள் எனக்கு அப்படி ஒரு குஷி!

நாங்கள் நகர்ந்ததும் மாமா லாரியடியிலிருந்து எழுந்து விசில் ஊதினார், பாருங்கள், அதுதான் வேடிக்கை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும், "செக்கிங் குடுக்காம ஓடறாங்க சார்! விடாதீங்க!" என்று கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். கூம்பு, கயிறு, சிலிண்டர், வலை எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றார். ஆபத்துக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருந்தது, வண்டியைத் தவிர. காலியாகிவிட்ட பின் சீட்டு நீல நிறம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா நன்றாகவே ஓட்டினாள். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். தண்ணீர் காலைத் தொட்டதும் நின்றுவிட்டாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள்.

"இது நீலமே இல்லையேடி," என்றாள். "இத்தனை வருஷமா பிள்ளைங்கள நீலம் அடிக்கச் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டோரம் அந்த முதல் வேன் வந்து நின்றது. மொத்தச் சாமானோடும் மாமா இறங்கினார். டிரைவர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தப்பித்தால் போதும் என்று பறந்தார். மாமா ஒற்றை முக்கோணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மணலில் தள்ளாடி நடந்து வந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"நட்டெல்லாம் டைட் பண்ணியா?" என்றார்.

"பண்ணேன்."

"ஒண்ணுவிட்டு ஒண்ணா, எதிரும் புதிருமா?"

"எதிரும் புதிருமா."

"என்ன விட்டுட்டு வந்துட்டியே."

"மூணு தடவ கூப்பிட்டேன்."

முக்கோணத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து முன்னால் பார்த்தார். அவரும் கடலைப் பார்த்ததில்லை என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது. வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"இவ்வளவு பெருசா?" என்றார். "இதுக்கு நான் ஒண்ணுமே எடுத்துட்டு வரலியே."

பிறகு நாலு எட்டு பின்னால் போய், எங்கள் முதுகுக்குப் பின்னால் மணலில் முக்கோணத்தை அழுத்தி நட்டார். யாரும் வந்து அக்கா மேல் இடித்துவிடக் கூடாதாம். நட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா அவர் மின்னுகிற சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருட்டற வரைக்கும் இருக்கணும்ங்க. ராத்திரியும் சத்தம் போடுதான்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லணும்."

வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டாகும், ரோட்டில் ஆடு வரும், டயர் வேறு ஸ்டெப்னி என்று ஆரம்பிப்பார், நான் பிடித்துத் திட்டலாம் என்று தயாராக இருந்தேன்.

"இருப்போம்," என்றார் மாமா. "டார்ச் மூணு இருக்கு."