ஒரு சதுர மீட்டர் லண்டன்

சமையலறை முழுக்கப் பசை மணம். மகளுக்கு நாளை புவியியல் வகுப்பில் பேச வேண்டுமாம். சாப்பாட்டு மேசையில் பெரிய மட்டை ஒன்றை விரித்து, இடது பக்கம் லண்டன், பாரிஸ், நியூயோர்க், வலது பக்கம் ஷாங்காய், ஷென்ஷென், சோங்சிங் என்று படங்களை வெட்டி, தகரப் பேணியில் வரும் பசையை விசிறி அடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லண்டன் ரெண்டாயிரம் வருசமா வளந்து இவ்வளவுதான். ஷென்ஷென் நாப்பது வருசத்தில வந்தது. எது கெட்டித்தனம்? நீங்கள் எண்டா எங்க இருப்பீங்கள்?"

"நான் டுசல்டோர்ஃபில இருப்பன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மணம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். விஷயம் வேறு. அந்தப் பசை மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பயம் வரும்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மட்டையின் இடது பக்கத்து மூன்று நகரங்களையும் நான் என் கையால் கட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. இந்த நகரத்தில்தான், ரயில் பாதைக்குப் பின்னால், ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தின் நிலக்கீழ் அறையில், மாதிரிக் கட்டிடங்கள் செய்யும் பட்டறை இருந்தது. அங்கே நான் அவுஸ்பில்டுங் செய்தேன், அதாவது சம்பளத்தோடு தொழில் படித்தேன். கோயிலில் காணும் ஆட்கள் அப்பாவிடம், "பிள்ளை என்ன, வீடு கட்டுற வேலையோ?" என்று கேட்பார்கள். "ஓம், ஆனா சின்ன வீடு" என்பார் அப்பா. அதற்கு மேல் அவருக்கும் விளங்கவில்லை.

விளங்கிய ஒரு விஷயம் அந்த வேலை ஒப்பந்தம். அப்பா, அம்மா, நான், எங்கள் மூன்று பேரின் அகதி விண்ணப்பமும் மறுக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தது சிவப்புக் கோடு போட்ட ஒரு கடதாசி. இப்போதைக்கு உங்களைத் திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அதன் காலத்தை நீட்ட வேண்டும். நான் தொழில் படித்து முடிக்கும்வரை கை வைக்க மாட்டார்கள், அது நின்றால் தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அம்மா காலையில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் தரும்போது, "கவனமாப் போ" என்று சொல்வதை விட்டு, "கவனமா வேலை செய்" என்று சொல்லத் தொடங்கினா.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது அதிகாரமாகப் பார்த்தால் உடனே மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை டிராமில் டிக்கட் பரிசோதகர் ஏறியதும், செல்லுபடியான டிக்கட்டைக் கையில் பிடித்தபடியே, "எண்ட்ஷுல்டிகுங், எண்ட்ஷுல்டிகுங்" என்று இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் டிக்கட்டை மூன்று தரம் திருப்பிப் பார்த்தான். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதோ நான் அவரைப்போல இல்லை என்கிற நினைப்பு.

நகரங்களைப் பற்றியும் அப்பாவிடம் ஒரு தராதரம் இருந்தது. லண்டன் முதலாவது, ஏனென்றால் மாமி அங்கே. ரொறன்ரோ இரண்டாவது. பாரிஸ் மூன்றாவது. நாங்கள் இருக்கும் இடம் பட்டியலிலேயே இல்லை. மாமி ஞாயிறு தோறும் தொலைபேசியில் லண்டனை அளந்து விடுவா. அதனால் பட்டறையில் லண்டன் செய்கிறோம் என்று நான் சொன்னதும் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

"மாமியின்ர வீடும் வருமோ?"

"இல்லையப்பா. நடு லண்டன் மட்டும்தான். ஒரு சதுர மீட்டர். மாமி வீடு பலகைக்கு வெளியில, மூண்டாவது மேசைக் காலுக்குக் கிட்ட வரும்."

"அப்ப அது லண்டன் இல்லையோ!" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அந்த வருடம் முழுக்கப் பார்க்கவில்லை.

லண்டன் எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். சீனாவில் ஆற்றங்கரை நகரம் ஒன்று. அதன் புதிய பகுதியை வரையும் வேலை எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்திருந்தது. புதிய பகுதி என்றால் எங்கள் டுசல்டோர்ஃபில் பாதி. அங்கிருந்து வரும் பெரியவர்களுக்குத் தங்கள் நகரம் உலகத்துப் பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் எப்படி நிற்கும் என்று கண்ணால் பார்க்க ஆசை. எனவே ஒரு சதுர மீட்டர் லண்டன், ஒரு சதுர மீட்டர் பாரிஸ், ஒரு சதுர மீட்டர் மான்ஹட்டன், பக்கத்தில் அதே அளவுத்திட்டத்தில் அவர்களுடைய நகரம். இவை தவிர, புதிய பகுதி மட்டும் இன்னும் பெரிதாக, வீட்டுக்கு வீடு தெரிய, ஒரு தனி மாதிரி.

லண்டனுக்கு எனக்கு ஐந்து கிழமை போனது. ஒரு தெரு நேராக இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணம். விரல் நுனியெல்லாம் பிளாஸ்டர். அந்தச் சீன நகரத்தைப் பன்னிரண்டு நாளில் முடித்தேன். எல்லாத் துண்டும் ஒரே அளவு, அறுத்து அடுக்க வேண்டியதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏனோ லண்டன் பழைய முகம் போலவும் மற்றது பல் செட் போலவும் தெரிந்தது.

"அங்க ஒருத்தரையும் கேக்கிறேல்லை. அதுதான் சுறுக்கா முடியுது" என்றார் எங்கள் மைஸ்டர், பட்டறையின் தலைவர்.

"லண்டனிலயும் ஒருத்தரையும் கேக்கேல்லை. பாரிசில றூலரை வைச்சு வீடுகளுக்குள்ளால றோட்டு வெட்டினவை. அது கனகாலத்துக்கு முந்தி நடந்தது, அதால நீங்கள் மறந்திட்டியள்" என்றாள் லின்.

பேசியது ஜெர்மனில்தான். என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுகிறார்கள், நான் என்ன செய்ய. லின் மேல் மாடியில் வேலை செய்த இளம் கட்டிடக் கலைஞர். அந்தச் சீன நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அதற்காகத்தான் அவளை எடுத்திருந்தார்கள். வரைபடங்களைக் கீழே கொண்டுவருவாள். மதியம் என்னோடு பின்படிக்கட்டில் இருந்து சாப்பிடுவாள். அம்மாவின் இடிச்ச சம்பலை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு இன்னொரு விரலை நீட்டுவாள். சிவப்புக் கோட்டுக் கடதாசியை நான் வெளியாள் ஒருவருக்குக் காட்டினேன் என்றால் அது லின்னுக்கு மட்டும்தான்.

மாதிரி செய்வதில் எங்கள் பட்டறைக்கு ஒரு விதி. ஏற்கெனவே இருக்கிற, இனியும் இருக்கப்போகிற கட்டிடங்களைப் பேரி மரத்தில் செய்வோம். புதிதாக வரப்போகிறவை வெள்ளை அக்ரிலிக். இடிக்கப் போவதைச் செய்வதே இல்லை. வரைபடத்தில் அவற்றுக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கும். மஞ்சளைக் கண்டால் அந்த இடத்தில் வெறும் பலகை.

ஒருநாள் மத்தியானம் லின் சாப்பிடவில்லை. வரைபடம் ஒன்றை மடியில் விரித்து, ஆற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டுக்குள் கிடந்த நூற்றுக்கணக்கான சின்னச் சதுரங்களில் ஒன்றைக் காட்டினாள்.

"இது அம்மா அப்பான்ர வீடு. இடிக்கிற எல்லை இண்டைக்குத்தான் வந்தது. அவைக்கு இன்னும் தெரியாது."

அங்கே பூங்கா வரப்போகிறது. மரமும் புல்லும் ஒரு குளமும். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடித் திறந்தேன்.

"பெரியாக்கள் வரைபடம் பாக்க மாட்டினம். மாதிரியைத்தான் பாப்பினம். பேரி மரத்தில ஒரு வீடு நிண்டா, அது நிக்கிற வீடு எண்டுதான் நினைப்பினம். கேட்டா நான் சொல்லுறன், பூங்காவுக்கை ஒரு பழைய வீட்டைத் தேத்தண்ணிக் கடையா வைச்சிருக்கலாம் எண்டு. நீர் அந்த வீட்டை ஒட்டும், மிச்சத்தை நான் கதைக்கிறன்."

ஓம் என்று சொன்னேன். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

என் சின்னிவிரல் நகத்தை விடச் சிறிய வீடு. இரண்டு மாடி. கூரைச் சரிவுக்குக் கத்தியால் இரண்டு கீறல். கிழக்குப் பக்கம் ஒரு தாழ்வாரம் இருக்கிறது என்று லின் சொன்னதால் அதற்கும் ஒரு தூசளவு துண்டு. மைஸ்டர் காப்பி குடிக்கப் போன நேரம் ஒட்டினேன். அதன்பிறகு ஒரு கிழமை நான் மனுசியாக இல்லை. மைஸ்டர் மாதிரிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் நான் கை வேலையை விட்டு அவர் கண் போகும் இடத்தையே பார்த்தேன். டிராமில் கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். வீட்டைக் கண்டுபிடிப்பார்கள், ஒப்பந்தத்தை நிறுத்துவார்கள், கடதாசி நீளாது, மூன்று பேரும் விமானத்தில். அந்த நாட்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பதைக்கூட அம்மா நிறுத்தியிருந்தா.

பெரியவர்கள் வந்தார்கள், ஏழு பேர். தலைவர் சாம்பல் நிறச் சட்டை போட்ட வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பவர். லின் மொழிபெயர்த்தாள். லண்டன் பலகையின் முன் நின்று அவர் ஏதோ கேட்க, இது ஏன் இப்படி வளைந்து கிடக்கிறது என்று கேட்கிறார் என்றாள் லின். எல்லாரும் சிரித்தார்கள். தங்கள் நகரத்துக்கு முன்னால் அவர் நிமிர்ந்து நின்றார். பிறகு பெரிய மாதிரிக்கு வந்தார். ஆற்றின் வழியே விரலைக் கொண்டுவந்து, பூங்காவுக்கு மேல் நிறுத்தி, ஒரு சொல் கேட்டார். விரல் வீட்டுக்கு நேரே நின்றது.

எங்கள் அலுவலகத்தை நடத்தும் மேல் மாடித் தலைவர் மைஸ்டரைப் பார்த்தார். மைஸ்டர் என்னைப் பார்த்தார். லின் மூச்சை உள்ளே இழுத்துப் பேச வாய் திறந்தாள்.

"மன்னிக்கவும், என்னுடைய பிழை" என்று ஜெர்மனில் ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கத்தி எப்போது கைக்கு வந்தது என்று தெரியாது. அலகை அடியில் விட்டு நெம்பினேன். நன்றாக ஒட்டியிருந்தேன், டிக் என்று சத்தம் வந்தது. வீடு என் உள்ளங்கைக்குள் போய்விட்டது. யாரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை.

சாம்பல் சட்டைப் பெரியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். லின் அதே மொழிபெயர்ப்புக் குரலில், ஒரு எழுத்துத் தடுக்காமல் சொன்னாள்.

"அவர் சொல்லுறார், ஏன் கழட்டினனீங்கள், வடிவா இருந்தது, பூங்காவுக்கை ஒரு பழைய வீட்டை விடப்போறியள் எண்டு நினைச்சன் எண்டு."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அந்த நேரம் நான் கையை விரித்திருக்கலாம். ஒரு துளி பசை போதும். மேல் மாடித் தலைவர்கூட என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், வேண்டுமானால் வை என்பதுபோல. நான் கையைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர்கள் மான்ஹட்டனுக்குப் போய்விட்டார்கள்.

மாதிரியில் ஒரு மர வீடு நின்றதற்காக ஆற்றங்கரையில் ஒரு உண்மை வீடு நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நின்றிருக்காது என்று நினைப்பது எனக்கு வசதி. லின் கோபிக்கவில்லை. மறுநாள் படிக்கட்டில், "உம்மட்ட அந்தக் கடதாசி இருக்கு. எனக்கு விளங்கும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன். படிப்பு முடித்த அன்று மைஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். "விசரி, என்னட்டச் சொல்லியிருந்தா, நான்தான் ஒட்டச் சொன்னனான் எண்டு சொல்லியிருப்பனே" என்றார். நான் அத்தனை நாள் பயந்தது அந்த மனுசனுக்குத்தான்.

பட்டறை இப்போது இல்லை. அந்த நிலக்கீழ் அறையில் உடற்பயிற்சி இயந்திரங்கள் நிற்கின்றன. நகரங்களை இப்போது திரையில் சுழற்றிக் காட்டுகிறார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக் கடதாசியும் போய், மூன்று பேருக்கும் ஜெர்மன் கடவுச்சீட்டு வந்துவிட்டது. நான் கட்டிய லண்டனைக் குப்பைப் பெட்டியில் போட்டபோது நானும் ஒரு கை பிடித்தேன்.

லின் திரும்பிப் போனாள். இரண்டு புதுவருடத்துக்கு அட்டை வந்தது. இரண்டாவதில் எழுதியிருந்தாள்: "அம்மா அப்பாவுக்கு இருபத்துமூன்றாம் மாடியில் வீடு தந்திருக்கிறார்கள். வசதியான வீடு. அம்மாவுக்கு லிஃப்ட் என்றால் பயம். குடிபோன நாளிலிருந்து அவ கீழே இறங்கவில்லை."

மகள் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டதோ என்று கேட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். லின்னின் அம்மா அதன்பிறகாவது கீழே இறங்கினாவா என்று எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம், அந்த அட்டையில் விலாசம் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன்.