இணைச்சீருக்கு ஒரு பெண்

பாவாயி அக்கா கடைக்குள் வந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடிமேல் வைப்பார். என்னைத் தொடவிட மாட்டார். "நல்லாக் கருப்பா உழுகோணுமுங்க சாமி. மங்கலா இருந்தா பொண்ணூட்டுக்காரங்க படிக்காமயே வெச்சுப்போடுவாங்க." வெண்ணந்தூரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்த நாளிலிருந்து அவர் மகன் தமிழரசுவின் ஜாதகம் என் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் நட்சத்திரம் எனக்கு மனப்பாடம். என் மகளுடையதைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

அறுபதைத் தாண்டிய உடம்பு. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் மட்டும் நிமிர்ந்துகொள்வார். பத்திரிகை வைத்தார்களா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. பந்தியில் உட்காராமல் கை கழுவும் இடத்தில் போய் நிற்பார். எல்லாப் பெண்களும் அங்கே வந்துதானே ஆகவேண்டும். தாலியில்லாத கழுத்தைக் கண்டால் போதும், "எந்தூருங்க சாமி? என்ன கூட்டமுங்க?" பெயரைப் பிறகுதான் கேட்பார். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டமென்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, கட்ட முடியாது.

தமிழரசு முட்டை லாரி ஓட்டுகிறான். வயது முப்பத்தேழு. மீசைக்கு மை போடுகிறான், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேலி செய்வதில்லை. ஊரில் அவனைப்போல் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் அக்கா, பெண் டிகிரி படித்திருக்க வேண்டும், தோட்டம் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு படிப்பு போயிற்று, தோட்டம் போயிற்று. கடைசியில் கூட்டம் கேட்பதையும் விட்டுவிட்டார். "பொண்ணுன்னு ஒண்ணு கெடச்சாப் போதுமுங்க" என்றார் ஒருநாள். சொன்னதும் அவருக்கே என்னவோபோல் ஆகி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் காரணம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மத்தியானம் ஜெராக்ஸ் பாதியில் நிற்கும்படி கரண்ட் போனது. ஸ்டூலில் உட்கார்ந்தவர், நான் எதுவும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"தமிழுக்கு அப்புறம் ரெண்டுங்க. முன்னயெல்லாம் பொறந்தாத்தான தெரியும். அப்பத்தான் சேலத்துல ஸ்கேன் மிசினு வந்துச்சு. டிவிப் பொட்டியாட்டம் இருக்கும். பொண்ணுன்னா சீரு செஞ்சு மாளாது, காடு போயிரும்னு எங்க மாமியா சொன்னாங்க. எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு தடவயும் சாயந்தர பஸ்ஸுக்கே ஊட்டுக்கு வந்துட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமில்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன். அந்த முகத்துக்கு நான் புதிதாக என்ன தண்டனை கொடுத்துவிடப் போகிறேன்? கரண்ட் வந்தது. மீதிப் பிரதிகளை எடுத்துக் கொடுத்தேன்.

போன தை மாதம் தரகர் மணியன் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கொடுத்தார். நல்ல பெண். தமிழ் கொஞ்சம் இழுத்துப் பேசுகிறாள், அவ்வளவுதான். அக்கா கடைக்கு லட்டு கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தது. ஆனால் கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் வந்து, "எணச்சீருக்கு ஆருங்க நிக்கறது?" என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

இவர்கள் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூரைப்புடவை வைத்த கூடையோடு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். புடவையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம். அக்கா பங்காளி வீடுகளுக்கு நடந்தார். எல்லா வீட்டிலும் ஒரே பையன். தூரத்துப் பங்காளி ஒருவருக்கு மகள் உண்டு. வேற்று ஊர்க்காரியைக் கட்டுகிற கல்யாணத்தில் அவளை நிறுத்தமாட்டேன் என்றுவிட்டார். கடைசியாகக் கொழுந்தனார் வீடு. அங்கேயும் ஒரே பையன்தான், அவனுக்கும் பெண் கிடைக்கவில்லை. கொழுந்தனாரின் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: "எங்கூட்ல பொண்ணுக்கு எங்க போறதுங்கக்கா? நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான போனோம்."

மறுநாள் அக்கா ஜாதகம் இல்லாமல், வெறுங்கையோடு கடை வாசலில் நின்றார். "கிருத்திகாவ ஒரே ஒரு நாளைக்கு அனுப்புவீங்களா சாமி?"

கிருத்திகா என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் தறிக்காரர்கள், எந்த முறையும் கிடையாது. அருமைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பெண்ணே வெளியிலிருந்து வருகிறது, இதில் என்ன என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

மண்டபத்தில் என் மகள் கூடையோடு வந்து தமிழரசுவின் பக்கத்தில் நின்றாள். அவன் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "தேங்க்ஸ் பாப்பா" என்றான்.

சீர் முடிந்ததும் கூடப் பிறந்தவளுக்குப் புடவை கொடுக்க வேண்டும். அக்கா மேடையோரமாக வந்து மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே ஒரே நிறத்தில், ஒரே கரையில் இரண்டு பட்டுப் புடவைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கிருத்திகாவின் கையில் வைத்து, அவள் கன்னத்தைத் தொட்டார்.

"இன்னொண்ணு யாருக்குங்க பெரியம்மா?" என்று கேட்டாள் அவள்.

அக்கா இரண்டாவது புடவையின் விலைச்சீட்டைக் கிள்ளி எடுத்தார். காலியாயிருந்த சீர்க்கூடைக்குள் அதை வைத்து, கரை மடங்காமல் நீவிவிட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரம் வேகமெடுத்தது, எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்க்கத் திரும்பினார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.