அறுபது லட்சத்துத் துப்பாக்கி

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஒரு பழைய சாமானுக்கு என்ன விலை சொல்லலாம் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், தமிழரானாலும் பர்மியரானாலும் நேரே பவானியிடம்தான் வருவார்கள். ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு கடை. அவளுக்கு வயது ஐம்பத்தாறு. பர்மியர்கள் 'டோ பவானி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கிராமபோன், கைத் தையல் மெஷின், கப்பல் விளக்கு, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் புரட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், நகத்தால் ஒரு ஓரம் சுரண்டுவாள். பிறகு ஒரே ஒரு தொகை சொல்வாள். அவள் சொன்னால் வாங்குகிறவனும் நம்புவான், விற்கிறவனும் நம்புவான்.

இந்தப் பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை. ஆத்திரத்தில் வந்தது.

அவள் புருஷன் சின்னத்தம்பி பழைய சாமான் வாங்கி விற்றவன். நல்ல கண் உள்ளவன், பழுதுபட்ட நெஞ்சு உள்ளவன். நாற்பத்தெட்டு வயதில் அந்த நெஞ்சு நின்றுபோனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐயர் செருப்பு மாட்டுவதற்குள், சின்னத்தம்பியின் அண்ணன் விநாயகமூர்த்தி வாசலில் லாரியோடு நின்றார். வீட்டில் அடுக்கியிருந்த சாமான்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எல்லாம் குப்பைம்மா. எடைக்குப் போட்டாக்கூட ஏத்துக்கூலி மிஞ்சாது. தம்பி பொண்டாட்டியாச்சேன்னு எண்பதாயிரம் தர்றேன்" என்றார். அழுது வீங்கிய கண்ணோடு பவானி தலையை ஆட்டினாள். பத்து நாள் கழித்து ஸ்காட் மார்க்கெட்டில், கண்ணாடி அலமாரிக்குள், தன் வீட்டுக் கப்பல் கடிகாரம் தொங்குவதைப் பார்த்தாள். அந்த ஒரு கடிகாரத்துக்கு மட்டும் மூன்று லட்சம் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அவள் வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் அது அணையவில்லை. சண்டைக்குப் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. கடை கடையாக ஏறி, வாங்காமலே விலை கேட்டாள். விரட்டினார்கள், மறுநாளும் போய் நின்றாள். எந்தப் பொருளுக்கு எது மதிப்பு, எது அதைக் கெடுக்கும் என்று ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டாள். இனி எந்தப் பயலும் தன்னிடம் குப்பை என்று சொல்லி எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்றும் இருந்தது. விநாயகமூர்த்தி நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். அதைப் பார்க்காமல் தன் கட்டை வேகாது என்று இருந்தாள்.

கல்யாணம், காட்சி, கோவில் திருவிழா எங்கே அவரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களா பெரியத்தான்?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பாள். அதனால் விநாயகமூர்த்தி தான் செய்ததை மறந்தே போனார். தான் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது தம்பி குடும்பத்தின் நல்லகாலம் என்றுகூட ஒரு முறை யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மழைக்காலத்தில் அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். முன்னறையில் நடுச்சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கியது. அடியில் இருக்கும் வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி. அவர் மனைவி புஷ்பாவின் அப்பா மரக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் காட்டுப்பன்றி அடித்தது. அவர் செத்தபின், குழாயில் ஈயம் அடைத்து, உள்ளே குத்தும் ஊசியைப் பிடுங்கி, இனிச் சுடாது என்று முத்திரை வாங்கிய பிறகு இந்த வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் விநாயகமூர்த்தி சும்மா இருந்தாரா?

பவானி அதைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளுக்குப் பூசும் குரோமை உடம்பு முழுக்கப் பூசி, அது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. தோளில் வைக்கும் பழைய கட்டையைக் கழற்றிவிட்டுப் புதுத் தேக்கில் மயில் செதுக்கிப் போட்டிருந்தார். மயிலின் வாலுக்குக் கீழே 'ஊ விநாயகமூர்த்தி' என்று, பர்மியர் பெரியவர்களுக்குச் சேர்க்கும் மரியாதை 'ஊ'வோடு, தமிழிலும் பர்மியத்திலும் பேர். மேலே டெலஸ்கோப் மாட்டுவதற்கு நாலு ஓட்டை. டெலஸ்கோப்பைக் காணோம்.

"எல்லாம் நானே நின்னு பாத்துப் பாத்துச் செஞ்சது" என்றார் விநாயகமூர்த்தி. "இந்த மாதிரித் துப்பாக்கி இப்ப என்ன வெலைக்குப் போவுது பவானி?"

பவானிக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வாள். பொய் சொல்ல மாட்டாள். அவள் சோறு தின்பதே அந்தப் பேரில்தான். "போன வருஷம் இதே மாடல் ஒண்ணு கை மாறிச்சு பெரியத்தான். நான்தான் நடுவுல இருந்து பேசி முடிச்சேன். அறுபது லட்சம் கியாட்" என்றாள்.

அவ்வளவும் உண்மை. ஆனால் அந்தத் துப்பாக்கியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. 'அப்ப இது எவ்வளவு பெறும்?' என்று அடுத்த கேள்வியை விநாயகமூர்த்தி கேட்டிருந்தால் அதற்கும் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. காது குளிரக் கேட்டது போதும் என்று மீசையைத் தடவிக்கொண்டார். எங்கே வாய் தவறி மிச்ச உண்மையும் வந்துவிடுமோ என்று பவானி தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். விற்கிறவனைக் கெடுக்க விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய தொகை ஒன்றைக் காதில் போட்டுவிட்டால் போதும், கைக்கு வரும் எந்த விலையும் அவனுக்குப் பிடிக்காது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தரகர்கள் அதைச் செய்ய அஞ்சுவார்கள். பவானி அன்றைக்கு அஞ்சவில்லை. சந்தில் நடந்து வரும்போது அவளுக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் முனீஸ்வரர் கோவில் கூட்டம். கும்பாபிஷேகத்துக்கு முன்வாசல் வளைவு கட்ட வேண்டும். யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தபோது விநாயகமூர்த்தி எழுந்து மைக்கைப் பிடுங்கி, "வளைவு மொத்தமும் என் செலவு. பதினஞ்சு லட்சம்!" என்றார். கைதட்டல் ரயில் சத்தத்தையும் மிஞ்சியது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவானி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். பத்தே நாளில் பளிங்குக் கல் வந்துவிட்டது: 'உபயம்: ஊ விநாயகமூர்த்தி, பதினைந்து லட்சம்.' வாசல் தூணில் கண்மட்டத்துக்குப் பதித்தார்கள்.

துப்பாக்கியை விற்று அந்தப் பணத்தைக் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் துப்பாக்கி விற்கவில்லை. ஒரு சினிமாக்காரர் மூன்றரை லட்சம் சொன்னார். டவுனில் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலுக்குப் பழம்பொருள் வாங்கிக் கொடுக்கும் மாஹிர் ஐந்து சொன்னான். "அறுபதுக்கு ஒரு கியாட் கொறஞ்சாலும் எங்கிட்டப் பேசாதே. வெல தெரியாத பய" என்று விநாயகமூர்த்தி அவனை வாசலிலேயே நிறுத்தி விரட்டினார். இதெல்லாம் அன்றன்றைக்கே பவானி காதுக்கு வரும். இரண்டு மாதம் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள்.

கொத்தனார் கூலி கேட்டு நின்றார். கோவில் கமிட்டி ஒரு முறை நயமாகக் கேட்டது, மறு முறை அப்படிக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விநாயகமூர்த்தி துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கோவில் மண்டபத்துக்கே வந்துவிட்டார். மாஹிரை வரச்சொன்னார். பவானியையும் வரச்சொன்னார். கமிட்டிக்காரர்கள், பூசைக்கு வந்தவர்கள், தூண் ஓரமாகப் புஷ்பா என்று முப்பது நாற்பது பேர் இருப்பார்கள்.

"இந்தப் பயலுக்குச் சொல்லும்மா" என்றார் விநாயகமூர்த்தி. "அறுபதுன்னு எங்கிட்டச் சொன்னியா இல்லியா?"

"இந்த மாதிரி என்ன வெலைக்குப் போவுதுன்னு கேட்டீங்க, சொன்னேன். உங்களோடது எவ்வளவு பெறும்னு நீங்க கேக்கவே இல்லியே பெரியத்தான்."

"சரி, இப்பக் கேக்குறேன். சொல்லு!"

பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வாய் அது. அவசரப்படவில்லை. போர்வையை விரித்து, துப்பாக்கியை எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, மயிலின் மேல் விரலை வைத்தாள்.

"கம்பெனி போட்ட கட்ட போயிருச்சு. மயிலு பாக்க லெச்சணமாத்தான் இருக்கு, அது போதாதுன்னு உங்க பேரு வேற. பன்னெண்டு லட்சம் போச்சு." விரல் மேலே நகர்ந்தது. "இங்க நாலு ஓட்ட. பத்து லட்சம் போச்சு. ஓட்டைக்கு ரெண்டரைன்னு வச்சுக்குங்க."

யாரோ கெக்கலித்தார்கள்.

"குரோமு." இந்த ஒரு சொல்லை அவள் ருசித்துச் சொன்னாள். "நூறு வருஷத்து நெறத்த நீங்க சைக்கிள் பட்டறையில கழுவி எடுத்துட்டீங்க பெரியத்தான். இருபத்தெட்டு லட்சம். இதுக்குன்னு இருந்த லைசன்ஸ் புஸ்தகம் எங்க?"

"அது... அப்பவே எங்கயோ..."

"ஆறு லட்சம். ஆக, நாலு லட்சம் நிக்குது. அதுக்கு மேல ஒருத்தர் குடுத்தா அவரு உங்களுக்குச் சொந்தக்காரரா இருக்கணும்."

மாஹிர் அவளைப் பார்த்தான். "முந்தி அஞ்சு சொன்னேன்க்கா. நீங்க நாலுங்கும்போது நான் எதுக்கு அஞ்சு குடுக்கணும்?"

விநாயகமூர்த்தியின் முகம் செத்துப்போனது. பவானி பொய் சொல்கிறாள் என்று அவர் கத்தியிருக்கலாம். கத்தினாலும் அந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்தது. கல்லில் பேர் ஏறிவிட்டதே, அதை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமே! மாஹிர் கொடுத்த நாலு லட்சத்தையும் அங்கேயே கமிட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் கல்தச்சர் வந்து 'பதினைந்து' என்பதைக் கொத்தி எடுத்துவிட்டு 'நான்கு' என்று வெட்டினார். பெரிய சொல் இருந்த இடத்தில் சின்னச் சொல். இரண்டு பக்கமும் பளிங்கு சொறி பிடித்தாற்போல நின்றது. அந்த வாசலில் நுழைகிற அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஆளும் இருந்தது. பவானி வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அந்தச் சொறியை ஒரு முறை தடவிவிட்டுத்தான் சாமி கும்பிட்டாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், புஷ்பா கடைக்கு வந்தாள். கையில் நீளமாக ஓர் அரிசிச் சாக்கு. பவானி உட்காரச் சொல்லவில்லை.

"அது எங்கப்பா துப்பாக்கி" என்றாள் புஷ்பா.

"தெரியும்க்கா."

"எங்க வீட்டுலேருந்து எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான்."

"அதுவும் தெரியும். என் வீட்டுச் சாமான லாரியில ஏத்துறப்ப, ஏத்துறவனுங்களுக்கெல்லாம் என் அடுப்புலயே காப்பி போட்டுக் குடுத்தீங்களே, அதையும் நான் மறக்கல."

புஷ்பா கண்ணை எடுக்கவில்லை. "குடுத்தேன். ஆறு பேருக்கு. அப்ப எனக்கு அந்த வீட்டுல வாய் கெடையாது." இப்படிச் சொல்லிவிட்டு, கேட்காமலே முக்காலியில் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள்.

உள்ளே, எண்ணெய்த் துணியில் சுற்றி, துப்பாக்கியின் பழைய கட்டை. கறுத்துப்போன மரம், கன்னம் படிகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். பிரித்தால் புஷ்பாவின் அப்பா படம், துப்பாக்கி நம்பர், அரசாங்க முத்திரை. மயில் செதுக்க ஆசாரி வந்த அன்றே இதை எடுத்துத் துணிப்பெட்டி அடியில் ஒளித்துவிட்டாளாம். இருபத்தேழு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

பவானிக்குச் சுரீர் என்றது. மாற்றம் செய்த சாமானுக்கு விலை போடும்போது, கழற்றிய பழையது வீட்டில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கடைக்கு வரும் அத்தனை பேரிடமும் கேட்பாள். அன்றைக்கு மண்டபத்தில் கேட்கவில்லை. இருக்கிறது என்று யாராவது சொல்லி, தொகை ஏறிவிடக் கூடாதே என்று அவள் மனசு விரும்பியது. பொய் சொல்லவில்லை என்று மூன்று வாரமாக நிமிர்ந்து நடந்த முதுகு இப்போது கூசியது.

"தூண் பக்கத்துலதான நின்னீங்க?" என்றாள். "ஏன்க்கா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா? அதுவும் சேந்து அந்தக் கல்லுல போயிருக்கும். பதினஞ்சு லட்சத்தையும் அவரு முழுசா அடச்சுட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பாரு." புஷ்பா எண்ணெய்த் துணியை நாலாக மடித்தாள். "நீ ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டு வந்தே பாரு, பன்னெண்டு, பத்து, இருபத்தெட்டுன்னு. கேக்க கேக்க எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? இன்னும் கொஞ்சம் கழிக்கமாட்டாளான்னு இருந்துச்சு. இப்பச் சொல்லு. இந்தக் கட்டையும் புஸ்தகமும் சேந்தா அது என்ன வெல பெறும்?"

பவானி கட்டையைப் புரட்டினாள், முகர்ந்தாள், ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். புத்தகத்தின் நம்பரை மூன்று முறை படித்தாள்.

"குரோமும் ஓட்டையும் போனது போனதுதான். மத்தது திரும்பும். இருபத்திரண்டு."

"நாலு அவரோடது. கோவில்ல குடுத்தாச்சு. மிச்சம் பதினெட்டு?"

"உங்களோடது. மாஹிர் இத விடமாட்டான். இந்தப் புஸ்தகம் இல்லாம ஹோட்டல்காரங்க அதச் சுவத்துல மாட்டவே யோசிக்கிறாங்களாம்."

"வீட்டுக்குத் தெரியக்கூடாது."

"யாரும் கேக்கலன்னா நான் ஏன் சொல்லப்போறேன்?"

பவானி மாஹிருக்குப் போன் செய்தாள். அவன் பதினாறில் ஆரம்பித்தான். அவள் பேசாமல் இருந்தாள். பதினேழு என்றான், அப்போதும் பேசவில்லை. பதினெட்டுக்கு வந்ததும் "சாயங்காலம் பணத்தோட வா" என்று வைத்துவிட்டாள். பிறகு புஷ்பா பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நூத்துக்கு அஞ்சு என் தரகு. உங்களுக்குக் கொறைக்கமாட்டேன்க்கா. அந்தக் காப்பி இன்னும் என் தொண்டையில நிக்குது."

"கொறைன்னு நான் கேட்டேனா?" என்றாள் புஷ்பா. "பத்தா எடுத்துக்க. ஆனா செத்தாலும் இத அவருகிட்டச் சொல்லிறாத. சாகுறவரைக்கும் அவரு நாலு லட்சம், நாலு லட்சம்னு பொலம்பிக்கிட்டே கெடக்கணும்."