நடுநிலைக்கு ஒரு பொன்னாடை

அப்பாவுக்கு அன்று போர்த்திய பொன்னாடை எங்கள் வீட்டு அலுமாரியில் மடிப்புக் குலையாமல் இருக்கிறது. அதைத் தூக்கி எறியுங்கள் என்று அம்மாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "அந்தத் துணி உனக்கு என்னடி செய்தது?" என்று கேட்பார். துணி ஒன்றும் செய்யவில்லை. செய்தது அப்பா.

நான் சுவிசில் ஓல்டன் நகரில் பிறந்தவள். பெண்கள் உதைபந்தாட்ட அணி ஒன்றில் பின்வரிசையில் விளையாடுகிறேன். சுவிசில் எங்கள் ஆட்களின் கழகங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரில்தான் இருக்கும். ஊர் யாழ்ப்பாணத்தில், கழகம் வில் என்கிற சுவிஸ் நகரத்தில். ஊர் ஒன்று என்றால் சனமும் ஒன்று. மேளத்தோடு வருவார்கள், கொடியோடு வருவார்கள். எங்கள் அணிக்கு ஊர் இல்லை. ஓல்டனைச் சுற்றி வேலை செய்கிற, வெவ்வேறு ஊர்க் குடும்பங்களின் பெண்கள் சேர்ந்த அணி. எங்களுக்காக மேளம் அடிக்க ஒருவரும் வருவதில்லை. சத்தமில்லாமல் விளையாடிப் பழகிவிட்டோம்.

எங்கள் பந்துக்காப்பாளரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஊரில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய கை. பந்து அந்தக் கைக்குள் போனால் போனதுதான். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்திய அந்தச் சுற்றுப்போட்டிக்காக ஞாயிற்றுக்கிழமை வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஊரில் இருக்கிற அவருடைய அம்மா, மகள் பந்து பிடிப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. இறுதியாட்டத்தை மட்டும்தான் நேரலையில் காட்டுவார்கள். அதற்கு ஒருமுறை போய்விட்டால் அம்மா பார்ப்பார் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. வேறு எந்தக் கிண்ணமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

போட்டி சூரிச்சுக்கு வெளியே ஒரு நகரசபை மைதானத்தில் நடந்தது. காலையில் மழை. மழை நின்ற பிறகாவது தொடங்கினார்களா? இல்லை. பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்ற வேண்டுமாம். அவர் ஆறுதலாக வந்தார். ஏற்றினார். பேசினார். இன்னொருவர் அவரைப் பற்றிப் பேசினார். பிறகு போட்டிக்குக் காசு கொடுத்த அனுசரணையாளர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வர, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நாங்கள் ஈரப் புல்லில் காற்சட்டையோடு நின்று கைதட்டினோம். ஆறு மணிக்கு மைதானத்தைப் பூட்டிவிடுவேன் என்று சுவிஸ்காரப் பொறுப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். அந்த மனிசன் சொன்னதைச் செய்வார் என்று போட்டியை நடத்திய எங்கள் ஆட்களின் செயற்குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பிரிவுகள். எங்கள் பிரிவில் நாங்கள் முதலாவது. ஒரு கோலும் வாங்கவில்லை. இரண்டாவதாக வந்தது எம்மன்புரூக்கே அணி, முந்தைய வருடச் சம்பியன். அவர்களை நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றிருந்தோம். மற்றப் பிரிவில் வில் அணி முதலாவது. நேரமில்லாததால் பெண்களின் அரையிறுதி கிடையாது, நேரே இறுதியாட்டம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பிரிவிலும் முதலாவதாக வந்தவர்கள் மோதவேண்டியதுதானே? அக்கா அப்போதே ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். "அம்மா, உங்கடை நேரம் எட்டரைக்கு. எல்லாரையும் கூப்பிட்டு வைச்சிருங்கோ." கையுறையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். நான் அவருக்குப் பந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் செயற்குழு கூடாரத்துக்குள் தேநீரும் றோல்சுமாக ஆலோசனை செய்துகொண்டிருந்தது. ஐந்து பேர். அதில் ஒருவர் அப்பா. அவர்கள் கதைத்த நேரத்துக்குள் ஒரு அரையிறுதியை விளையாடியே முடித்திருக்கலாம்.

பிறகு ஒலிபெருக்கி சொன்னது: "அனுபவத்தையும் ரசிகர்களின் எதிர்பார்ப்பையும் கருத்தில்கொண்டு, இறுதியாட்டத்தில் வில் அணியும் எம்மன்புரூக்கே அணியும் மோதும்."

சப்பாத்தில் ஒட்டிய சேற்றோடு கூடாரத்துக்குள் போனேன். தலைவர் எழும்பி வந்தார். போட்டிருந்தது நல்ல வெள்ளைச் சேட்டு.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. வில்லில இருந்து ஒரு பஸ் சனம் வந்திருக்கு. எம்மன்புரூக்கே ஆக்களும் குடும்பம் குடும்பமா நிக்கினம். அவையின்ரை டீம் இல்லையெண்டா மைதானம் வெறிச்சுப் போகும். உங்களுக்கு ஆர் வந்திருக்கினம், சொல்லுங்கோ?"

"அப்ப நாங்கள் ஏன் அண்ணை கோல் அடிக்கிறம்? சனத்தை எண்ணிப் போட்டுக் கப்பைக் குடுங்கோவன்! காலமை அவையை நாங்கள் வெண்டனாங்கள்."

"அது காலமை, பிள்ளை."

இன்றைக்கும் அந்த மூன்று சொல்லை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் அடித்த கோல் மாலைக்குள் பழுதாகிவிடுமா, பாலா அது?

"நீங்கள் என்னோடை ஏன் சண்டைக்கு வாறியள்?" என்றார் தலைவர். "ரெண்டுக்கு ரெண்டு எண்டு நிண்டது. கடைசிக் கை உங்கடை அப்பாவின்ரை."

அப்பா தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

"என்ரை மோளின்ரை டீமுக்கு நான் கை தூக்கினா, சனம் என்ன கதைக்கும்?"

"அப்ப பேசாமல் இருந்திருக்கலாமே? ரெண்டு டீமையும் பெனால்டி அடிக்க விட்டிருக்கலாமே? பத்து நிமிசம் காணும்."

"உனக்கு விளங்காது. கமிட்டியில இருக்கிறவன் நடுநிலையா நிக்கோணும்."

நடுநிலை! நடுவில் நிற்பதுதானே நடுநிலை? பெற்ற பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, நியாயத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. பயம். நான் அவருடைய மகளாக இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் அணி இறுதியாட்டத்தில் இருந்திருக்கும். இதை அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். ஐந்து பெரிய மனிதர்களும் றோல்ஸ் தட்டைப் பார்த்தார்கள்.

அதோடாவது விட்டார்களா? ஆட்டம் தொடங்குவதற்கு முன் அறிவிப்பாளர் உருக ஆரம்பித்துவிட்டார். தன் மகளின் அணி என்றும் பாராமல் நடுநிலை காத்த உத்தமர் என்று அப்பாவை மைதானத்தின் நடுவே அழைத்தார். விருந்தினருக்குப் போர்த்தி மிஞ்சிய பொன்னாடை ஒன்று இருந்திருக்கிறது. அதை அப்பாவின் தோளில் போட்டார்கள். வில் சனம் மேளம் அடித்தது. அப்பா கும்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது; நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவரை அவ்வளவு வெறுத்த நாள் வேறில்லை.

அக்கா கோட்டுக்கு வெளியே புல்லில் இருந்தார். கையுறையைக் கழற்றவே இல்லை. எம்மன்புரூக்கே அணி வென்றது. நன்றாகத்தான் விளையாடினார்கள், பாவம் அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆட்டம் முடிந்து நாங்கள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் தொலைபேசி அடித்தது. அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். மைதானச் சத்தத்தில் வேறு எப்படிக் கேட்பது? யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா.

"முழுக்கப் பாத்தனாங்கள் பிள்ளை. பக்கத்து வீட்டு ஆக்களும் வந்தவை. நீ எங்கை நிண்டனி? ஒருக்காலும் காட்டேல்லை."

"நாங்கள் ஃபைனலுக்கு வரேல்லை அம்மா."

"தோத்திட்டியளோ?"

பொன்னாடை, விருந்தினர், கூடாரம், கை உயர்த்தியது, எதை எங்கே தொடங்கிச் சொல்வது? "ஓம் அம்மா," என்றார் அக்கா. "தோத்திட்டம்."

ஒரு கோலும் வாங்காத பெண் அப்படிச் சொன்னார். நான் திரும்பினேன். அப்பா எங்கள் பின்னால் நின்றார். என்னைக் காரில் கூட்டிப்போக வந்திருந்தார். தோளில் பொன்னாடை. அவர்கள் கதைத்தது அவருக்கும் கேட்டிருந்தது.

அக்காவின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி அப்பாவின் முன்னால் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்கோ."

வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். "அம்மா, நான் கமிட்டியில இருக்கிறனான். பிள்ளையள் தோக்கேல்லை. ஒரு மட்சும் தோக்கேல்லை. நாங்கள்தான் ஃபைனலுக்கு விடேல்லை."

அந்தப் பக்கம் அந்த அம்மா கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஏன் ஐயா?"

அப்பா என்னைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவருக்கு டொச்சு மொழி வராத இடங்களிலெல்லாம், டாக்டரிடம், அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் நின்று பதில் எடுத்துக் கொடுத்தவள் நான். இதற்கும் கொடுப்பேன் என்று நினைத்திருப்பார்.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா இன்னொருமுறை கேட்டார்.

"ஏன் ஐயா விடேல்லை?"