பஸ்ஸில் முகக்கவசத்தைக் கழற்றிய பெண்

இன்று காலை சேத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மில் வேலைக்காரப் பெண், புகையிலையைக் கன்னத்தில் அதக்கியபடி தோழியிடம் சொன்னார்: "வாய்ப் புத்துநோயெல்லாம் வயசான ஆம்பளையளுக்குத்தான் வரும்."

முன் இருக்கைப் பெண் திரும்பி முகக்கவசத்தைக் கழற்றினார். ஒரு பக்கத் தாடை இல்லை.

"அவியளுக்குத்தான் கூடுதலா வருது. ஆனா எனக்கு நாப்பது வயசுக்குள்ளயே வந்துச்சும்மா. ஒனக்கு ஆறாத புண்ணு இருக்கா?"

பேச்சு குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

மில்காரப் பெண் ஆமென்று மெதுவாகத் தலையாட்டினார்.

"வா, நானும் கூட வாரேன்."

சேத்தூருக்கு டிக்கெட் எடுத்திருந்த முன் இருக்கைப் பெண், ராஜபாளையம் ஆஸ்பத்திரி நிறுத்தத்திலேயே மில்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். என்ன மனுஷி!

நான் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் வாயைப் பிளந்து நிற்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். அடுத்து அவர் வாய்தான். உங்கள் வீட்டில் யார் முதலில்?